பள்ளிச் செய்தி வீட்டுக்கு எட்ட வேண்டும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் ஊர்களில் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. இரவெல்லாம் மழை கொட்டியிருக்கும். விடியுமுன் தாய் மண்வெட்டியுடன் வயலில் தேங்கிய நீரை வடிக்கச் சென்றிருப்பாள். தந்தை தறிக்குழியில் ஊறிய தண்ணீரை இறைத்துக்கொண்டிருப்பார். ஏழு வயதுப் பிள்ளை தானாகவே தலைவாரிப் பையை மாட்டிக்கொண்டு வாய்க்கால் கரைமேல் நடந்து பள்ளியை அடைந்தால், கதவில் பூட்டுத் தொங்கும். மாவட்ட ஆட்சியர் காலையில் விடுமுறை அறிவித்திருப்பார். தொலைக்காட்சியின் அடியில் ஒரு வரியாக அது ஓடியுமிருக்கும். அந்த வேளையில் அந்த வீட்டில் அதைப் பார்க்க யார் இருந்தார்கள்?

விடுமுறை விட்டதைக் குறை கூறுவார் எவருமிலர். வாய்க்கால் நிரம்பி ஓடும் நாளில் பிள்ளைகள் வெளியே வராதிருக்கவேண்டும் என்பதற்காகவே அது விடப்படுகிறது. ஆனால் செய்தி வீட்டை அடையாவிட்டால், எந்த ஆபத்தினின்றும் பிள்ளையைக் காக்க விடுமுறை விடப்பட்டதோ அதே வாய்க்கால் கரைமேல் அது இருமுறை நடக்கிறது. போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை.

இதில் வேறொரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. சில நாட்களில் விடுமுறை மாவட்டம் முழுமைக்கும் இருக்கும். சில நாட்களில் ஒரு தாலுகாவுக்கு மட்டும் இருக்கும். சில வேளைகளில் முடிவு தலைமையாசிரியரிடமே விடப்படும். 2019ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டத்தைப் பிரித்து இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களை அமைத்தனர். காஞ்சிபுரத்தினின்று செங்கற்பட்டும் அவ்வாண்டே பிரிந்தது. அரக்கோணம் பக்கத்து முதியவர் ஒருவர் “வேலூர் மாவட்டத்துக்கு விடுமுறை” என்று வானொலியில் கேட்டால், நெடுநாள் பழக்கத்தில் பேரனை வீட்டில் நிறுத்திவிடக்கூடும். அவர் ஊரோ இன்று இராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே பள்ளி நடந்துகொண்டிருக்கும். பட்டியலில் பேரன் பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று குறி விழும்.

பள்ளி மூடுதல் முன்னாளில் பாடத்தை மட்டும் பாதித்தது என்று சொல்வதற்கில்லை. காமராஜர் முதலமைச்சராயிருந்தபோது 1956இல் மதிய உணவு வந்ததிலிருந்தே, பள்ளிக் கதவுக்கும் பிள்ளையின் வயிற்றுக்கும் தொடர்பு ஏற்பட்டுவிட்டது. 1982இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும், 2024இல் ஊரகத்து உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் நீட்டப்பட்டது. இதனால் விடியற்காலையில் வேலைக்குச் செல்லும் தாய்மார்களுக்கு ஏற்பட்ட ஆறுதல் சொல்லும் தரமன்று. பிள்ளை பள்ளியில் சாப்பிடும் என்ற நம்பிக்கையில் அவர்கள் அடுப்பு மூட்டாமலே புறப்படுகின்றனர். ஆகவே, தெரியாமல் வந்த விடுமுறை இன்று காலை, பகல் என இரு வேளைச் சோற்றையும் எடுத்துக்கொள்கிறது. முதல் நாள் மாலையிலேனும் தெரிந்திருந்தால் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போட்டிருப்பாள்.

மழை மட்டுமன்று, வெயிலும் நாட்காட்டியைத் திருத்துகிறது. 2023ஆம் ஆண்டுக் கோடை விடுமுறைக்குப் பின் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகள் ஜூன் 5இல் திறக்கும் என்றனர். வெயில் கடுமையாயிருந்ததால் 7ஆம் தேதி என்றனர். பின்னர் 14ஆம் தேதி என்றனர். 2024இல் ஜூன் 6 என்றிருந்தது 10 ஆயிற்று. காரணம் நியாயமானதே. ஆனால் பாட்டி வீட்டிலிருந்து பிள்ளையை அழைத்துவரப் பேருந்துக்குக் காசு கொடுத்து ஒரு நாள் கூலியையும் விட்ட நெசவாளிக்கு, ஊர் வந்து இறங்கிய பிறகே தேதி மாறியது தெரியுமாயின், அவர் அடுத்த முறை என்ன செய்வார்? ‘எதற்கும் ஒரு வாரம் கழித்தே போகலாம்’ என்று இருந்துவிடுவார். உறுதியற்ற செய்தி இவ்விதம் பிள்ளையின் முதல் வாரத்தைத் தின்றுவிடுகிறது. மழை விடுமுறைக்கும், தேர் திருவிழா முதலியவற்றிற்கான உள்ளூர் விடுமுறைக்கும் ஈடாகச் சனிக்கிழமைகளில் பள்ளி வைப்பதும் வழக்கம். அந்தச் சனிக்கிழமைகளில் வகுப்பறை பாதி காலியாயிருப்பது எதனால் என்று ஆராயக் குழு எதுவும் வேண்டியதில்லை.

பள்ளி நேரம் என்பது நம்போன்ற வீடுகளில் எவ்வளவு ஆழமாக வேரோடியது என்பதற்கு ஒரு பழைய செய்தியை நினைவூட்டலாம். 1953இல், ராஜாஜி முதலமைச்சராயிருந்தபோது, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு என்றும், எஞ்சிய நேரத்தில் அவர்கள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றும் ஒரு திட்டம் கொணரப்பட்டது. நெசவாளி மகன் நெசவாளியாகவே நிற்க வேண்டுமோ என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. 1954இல் காமராஜர் பதவியேற்றதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் பெரிய வாதத்தை இங்கே மீண்டும் நடத்துவது நம் நோக்கமன்று. அதனுள் அடங்கிய ஒரு சிறு பாடம் மட்டுமே நமக்குப் போதும். பள்ளி மணியை மாற்றினால் ஒவ்வொரு வீட்டிலும் தார் சுற்றும் வேளையும், மாடு ஓட்டும் வேளையும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் மாறிவிடுகின்றன. அவ்வீட்டாருக்கு அதைச் சொல்ல வேண்டும். இயன்றால் கேட்கவும் வேண்டும்.

இதுவரை பள்ளி வீட்டுக்குச் சொல்லவேண்டிய பொதுச் செய்தியைப் பற்றிக் கூறினோம். தனிப் பிள்ளையின் வருகை பற்றிய செய்தியை இதனினும் முக்கியமாகக் கருதுகிறோம். இன்று ஆசிரியர் காலையிலேயே கைப்பேசிச் செயலியில் வருகையைப் பதிந்துவிடுகிறார். எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் வரவில்லை என்பது தலைநகர் வரை சென்றுவிடுகிறது. பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளித் தறியில் அமர்ந்திருக்கும் தகப்பனுக்கோ, தம் பிள்ளை பள்ளிக்குப் போய்ச் சேரவில்லை என்பது மாலை வரை தெரிவதில்லை. காலையில் புறப்பட்ட பிள்ளை குளக்கரையில் இருக்கலாம். காய்ச்சலோடு வழியில் எவர் திண்ணையிலேனும் படுத்திருக்கலாம். இரண்டு தெருத் தொலைவைக் கடக்க இயலாத செய்தி இருநூறு கல் தொலைவைக் கடப்பது இக்காலத்து விநோதங்களுள் ஒன்று.

இது உபகாரமாகக் கேட்கும் விஷயமுமன்று. 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஆசிரியர் பெற்றோரை முறையாகக் கூட்டி, பிள்ளையின் வருகை ஒழுங்கையும் கல்வியில் அது அடைந்த முன்னேற்றத்தையும் தெரிவித்தல் அவரது கடமைகளுள் ஒன்று எனக் கூறுகிறது. 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்கவேண்டும். குழுவில் சரிபாதி பெண்களாயிருக்க வேண்டும். நம் அங்கத்தினர் வீட்டுத் தாய்மார்கள் பலர் அக்குழுக்களில் இருக்கின்றனர். சங்கப் பொதுக்குழுவில் கணக்கைக் கேட்டுப் பழகிய நாம், அங்கே சென்று கையொப்பமிட்டுத் திரும்புவதோடு நின்றுவிடுகிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

குறை பள்ளியின் பக்கம் மட்டும் இல்லை. தெருவில் பாவு நீட்டும் நாளில் எட்டு வயதுப் பெண்ணை நூல் பிடிக்க நிறுத்திக்கொள்கிறோம். தீபாவளிக்கு முன் சேலை ஒப்படைக்கும் அவசரத்தில் தார் சுற்றப் பிள்ளை வேண்டியிருக்கிறது. பருத்தி எடுப்பில் தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காள் வீட்டிலிருக்கிறாள். உறவினர் திருமணமென்றால் ஒரு வாரம் போய்விடுகிறது. இவற்றில் எதையும் நாம் பள்ளிக்குச் சொல்லியனுப்புவதில்லை. ‘ஒரு நாள்தானே’ என்று தொடங்கியது மூன்று நாளாகி, கணக்குப் பாடத்தில் ஒரு படி தவறி, பிள்ளைக்கே வகுப்பில் உட்கார வெட்கமாகிவிடுகிறது. ‘ஏன் வரவில்லை?’ என்று எவரும் கேளாததே பிள்ளை பள்ளியைவிட்டு நிற்பதன் முதற்படி. அன்றே ஆசிரியர் ஒருவர் வாயிலில் வந்து நின்று கேட்டிருந்தால், எந்தத் தாயும் மறுநாள் அனுப்பாதிருக்கமாட்டாள். அப்படிக் கேட்ட ஆசிரியர்களை இன்றும் பெயர் சொல்லி வாழ்த்தும் முதியவர்கள் நம் சங்கங்களில் உண்டு.

‘இப்போதுதான் எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறதே; வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போகிறது’ என்று சிலர் கூறக்கூடும். கைப்பேசியின் பயனை நாம் மறுக்கவில்லை. 2020 மார்ச்சில் கொள்ளைநோய்க்காக மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்நாட்களில் அதுவே வகுப்பறையாயிருந்தது. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு கைப்பேசி; அது தந்தையின் சட்டைப்பையில் சந்தைக்குப் போய்விடுகிறது. பணம் கட்டாததால் எண் நின்றுபோகிறது. புதிய எண் பள்ளிக்குத் தெரியாது. குழுவில் வந்த விடுமுறைச் செய்தி, வாழ்த்துப் படங்கள் நாற்பதுக்கு அடியில் புதைந்துகிடக்கிறது. நீண்ட சுற்றறிக்கையை அப்படியே அனுப்பினால், எழுத்துக் கூட்டிப் படிக்கும் தாய் என்ன செய்வாள்? அதே செய்தியைத் தலைமையாசிரியர் தம் குரலில் இரண்டு வாக்கியமாகப் பேசி அனுப்பினால் அவள் தறியோரத்திலிருந்தே கேட்டுக்கொள்வாள். இதற்குக் கூடுதல் செலவு ஒரு காசுமில்லை.

இங்கேதான் சங்கங்களுக்கு வேலை இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம். கிராமத்தில் விடியுமுன் திறக்கும் பொது இடம் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமே. காலையும் மாலையும் ஏறக்குறைய எல்லாத் தெருவினின்றும் ஓர் ஆள் அங்கே வந்து நிற்கிறார். நெசவாளர் சங்கத்துக்கு நூல் வாங்கவும் சேலை ஒப்படைக்கவும் அங்கத்தினர் வருகின்றனர். நியாயவிலைக் கடைகளில் மிகப் பல கூட்டுறவுச் சங்கங்களால் நடத்தப்படுவன. தலைமையாசிரியர் மாலையில் ஒரு தொலைபேசி அழைப்பில் சங்கக் காரியதரிசிக்குச் சொல்லிவிட்டால், பாலோடு வந்தவர் செய்தியோடு திரும்புவார். காலையில் அறிவித்த விடுமுறையாயினும் ஆறரை மணிக்குப் பால் அளக்குமிடத்தில் உரக்கச் சொன்னால் பாதி ஊருக்குத் தெரிந்துவிடும். தண்டோராப் போட்ட காலத்தில் நம் முன்னோர் இதைத்தான் செய்தனர்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகக் கூறுகிறோம். விடுமுறை, நேர மாற்றம், ஈடுசெய் சனிக்கிழமை, பெற்றோர் கூட்டம் ஆகியவையே பலகைக்குரியவை. எந்தப் பிள்ளை எத்தனை நாள் வரவில்லை என்பதைப் பலகையில் எழுதுவதோ பால் வரிசையில் கூவுவதோ கூடாது. அது அந்த வீட்டுக் கதவுக்குள் மட்டும் சொல்லவேண்டிய செய்தி. கடன் தவணை தவறியவர் பெயரைச் சுவரில் ஒட்டினால் அங்கத்தினருக்கு எப்படியிருக்கும் என்பதை நாம் அறிவோம், பிள்ளைக்கும் மானமுண்டு. வராத பிள்ளையின் வீட்டுக்குக் காலை பத்து மணிக்குள் ஓர் அழைப்பு; அழைப்பு எட்டாவிட்டால் அதே தெருவிலுள்ள மேலாண்மைக் குழு உறுப்பினர் எவரேனும் போய் ஒரு வார்த்தை விசாரித்தல்; இதுவே முறை. பெற்றோரும் தம் பங்குக்கு, பிள்ளையை நிறுத்திக்கொள்ளும் நாளில் அதைப் பள்ளிக்குச் சொல்லியனுப்ப வேண்டும். எண் மாறினால் அன்றே தெரிவிக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவும் தன் எல்லையிலுள்ள தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரை அழைத்து ஒருமுறை கலந்து பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம். நூல் பட்டுவாடா செய்யும் சன்னலுக்கும் பால் அளக்கும் மேசைக்கும் பக்கத்தில் ஒரு கரும்பலகை மாட்டலாம். மழைச்சாரல் படாத இடமாகப் பார்த்து மாட்டுவது நல்லது. எழுதுவோர் தேதியையும் கிழமையையும் சேர்த்தே எழுதட்டும். நேற்றைய விடுமுறை அழிக்கப்படாமல் நின்று, இன்று பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளையை வீட்டில் நிறுத்திவிட்டதை நாமே ஓர் ஊரில் கண்டோம்.