நோன்பு நேரமும் பிள்ளைகளின் கணக்கும்



ஆரம்பப் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் 'காலம்' என்றொரு பாடம் வருகிறது. ஒரு செயல் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் கொடுத்து, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்பார்கள். அல்லது முடிந்த நேரத்தைச் சொல்லி, எப்போது தொடங்கியிருக்க வேண்டும் என்று கேட்பார்கள். கூட்டலும் கழித்தலும் தடையின்றிச் செய்யும் பிள்ளையும் இங்கே வந்து தடுமாறுகிறது. "இதுகூடத் தெரியாதா?" என்று நாம் அதட்டுகிறோம், சில வீடுகளில் கையும் நீண்டுவிடுகிறது. கணக்கின் மீது பிள்ளைக்கு வெறுப்பு முளைப்பது பெரும்பாலும் இத்தகைய வேளைகளில்தான்.

பிள்ளை எங்கே தவறுகிறது என்பதை முதலில் பார்ப்போம். மதரஸாவுக்கு மாலை 3-45க்குப் புறப்பட்ட பிள்ளை 5-10க்குத் திரும்புகிறது. எவ்வளவு நேரம் வெளியே இருந்தது? 5.10 என்று எழுதி, அதன்கீழ் 3.45 என்று எழுதிக் கழித்தால் விடை 1.65. கழித்தலில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அது ரூபாய்க்கும் காசுக்கும் உரிய வழி. ரூபாய்க்கு நூறு காசு. மணிக்கோ அறுபது நிமிடம்தான். இடையில் நாம் வைக்கும் புள்ளியே பிள்ளையை ஏமாற்றிவிடுகிறது. ஆகவே புள்ளியை அகற்றி, '5 மணி 10 நிமிடம்' என்று எழுதப் பழக்குங்கள். செல்போனில் எண்களை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைக்கு, முள் உள்ள சுவர்க் கடிகாரம் ஒன்று வீட்டில் இருப்பது பெரிய உதவி. பெரிய முள் ஒரு சுற்றுச் சுற்றிவந்தால்தான் ஒரு மணி நிறைகிறது என்பதைக் கண்ணால் கண்டறிவது அதன்மூலமே.

அடுத்து, கழிப்பதற்குப் பதிலாகத் தாண்டிச் செல்லக் கற்றுக் கொடுங்கள். தாளில் ஒரு நீண்ட கோடு போடுங்கள். இடக்கோடியில் 3-45, வலக்கோடியில் 5-10. 3-45லிருந்து 4 மணிக்கு ஒரு தாண்டல், 15 நிமிடம். 4லிருந்து 5க்கு ஒரு மணி நேரம். 5லிருந்து 5-10க்கு 10 நிமிடம். ஆக, 1 மணி 25 நிமிடம். முழு மணியில் நின்று நின்று செல்வதுதான் இதன் சூட்சுமம். கடன் வாங்கும் குழப்பமே இதில் இல்லை.

சகோதரிகளே, இது நமக்குப் புதியதன்று. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்ற தாய்கூட ரமளான் மாதம் முழுவதும் இந்தக் கணக்கை மனத்திலேயே போடுகிறாள். "எனக்கென்ன தெரியும்?" என்று பிள்ளையின் நோட்டைத் தள்ளி வைப்பவளும் அவளே! பள்ளிவாசலில் தரும் நோன்பு கால அட்டவணையை எடுத்துப் பிள்ளையுடன் உட்காருங்கள். அந்த அட்டவணையே நல்லதொரு கணக்குப் புத்தகம்.

ஒரு நாள் ஸஹர் முடிவு காலை 5-02, நோன்பு திறப்பு மாலை 6-21 என்று வைத்துக்கொள்வோம். நோன்பு எவ்வளவு நேரம்? 5-02லிருந்து 6 மணிக்கு 58 நிமிடம். காலை 6லிருந்து மாலை 6 வரை 12 மணி நேரம். பிறகு 21 நிமிடம். 58உம் 21உம் சேர்ந்து 79 நிமிடம். அதில் 60 நிமிடத்தை ஒரு மணியாக்கினால் மீதி 19. ஆக, 13 மணி 19 நிமிடம். தான் நோற்ற நோன்பின் நீளத்தைத் தானே கணக்கிட்ட பிள்ளையின் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியைப் பாருங்கள்!

தொடங்கும் நேரத்தைக் காண்பதற்குக் கோட்டில் பின்னோக்கித் தாண்ட வேண்டும். ஸஹர் உணவை 4-55க்குள் முடிக்க வேண்டும். சாப்பிட 25 நிமிடம், சமைக்க 35 நிமிடம். உம்மா எத்தனை மணிக்கு எழ வேண்டும்? 4-55லிருந்து 25 நிமிடம் பின்சென்றால் 4-30. இன்னும் 30 நிமிடம் சென்றால் 4 மணி. மீதி 5 நிமிடம் சென்றால் 3-55. அன்றிரவு அலாரத்தைப் பிள்ளையே வைக்கட்டும். தன் உணவுக்காக உம்மா எந்நேரத்தில் எழுகிறாள் என்பதும் அதன் உள்ளத்தில் பதியும்.

சென்னையில் இருப்போர் ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கோட்டூர்புரத்திற்கு அழைத்துச் செல்லலாம். 1988இல் திறக்கப்பட்ட பிர்லா கோளரங்கம் அங்கே இருக்கிறது. 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும் அருகிலேயே உள்ளது. அதில் சிறுவர்களுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. பயணத் திட்டத்தைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். கோளரங்கக் காட்சி பிற்பகல் 3 மணிக்கு என்று கொள்வோம். நுழைவுச்சீட்டு வாங்க 30 நிமிடம், ரயில் நிலையத்திலிருந்து நடக்க 20, திருவல்லிக்கேணியில் காத்திருந்து பறக்கும் ரயிலில் வந்து சேர 30, வீட்டிலிருந்து நிலையத்திற்கு 15. பின்னோக்கி வந்தால் 2-30, 2-10, 1-40, 1-25. அதற்கு முன் லுஹர் தொழுது உணவு உண்ண 50 நிமிடம். 1-25லிருந்து 25 நிமிடம் சென்றால் 1 மணி. மேலும் 25 சென்றால் 12-35. ஒன்றுக்கு முன்னால் வருவது பன்னிரண்டு என்பது இங்கேதான் விளங்கும். 0-35 என்று எழுதும் பிள்ளைகளும் உண்டு. கடிகாரத்தைக் காட்டித் திருத்துங்கள்.

சற்றுப் பெரிய பிள்ளை ஒரு கேள்வி கேட்கலாம்: "சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு என்றால், அட்டவணையில் லுஹர் பெரும்பாலான மாதங்களில் 12ஐத் தாண்டித் தொடங்குவது ஏன்?" நல்ல கேள்வி! பூமி 360 பாகை சுற்ற 24 மணி நேரம், அதாவது 1440 நிமிடம் ஆகிறது. பாகைக்கு 4 நிமிடம். இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியது. சென்னையோ ஏறத்தாழ 80¼ பாகையில் உள்ளது. வித்தியாசம் 2¼ பாகை, அதாவது 9 நிமிடம். அதனால் சராசரியாக 12-09க்கே இங்கு உச்சிப்பொழுது. பருவத்திற்கேற்பச் சில நிமிடம் முன்பின் ஆகும். 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிறுவப்பட்ட வானாய்வுக்கூடத்தைக் கொண்டு 'மெட்ராஸ் நேரம்' என்றே ஒன்று வழங்கி வந்தது. 1906இல்தான் இன்றைய இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது.

நேரக் கணக்கு நம் முன்னோர்கள் பேணி வளர்த்த கலை. 14ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் நகரின் உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் முவக்கித்தாக இருந்த இப்னு ஷாத்திர், பெரும் வானியல் அறிஞர். அப்பள்ளிவாசலின் மினாராவுக்குச் சூரியக் கடிகாரம் அமைத்தவர். குறித்த நேரத்தில் தொழுகையைக் கடமையாக்கிய மார்க்கம், அவ்வறிவையும் வளர்த்தது.

இம்மாதப் பயிற்சியாக ஒன்று: இரவு 9-30க்கு உறங்கிய பிள்ளை காலை 5-15க்குச் சுபுஹுத் தொழ எழுந்தால், உறங்கியது எவ்வளவு? நள்ளிரவு 12இல் ஒருமுறை நின்று தாண்டச் சொல்லுங்கள். 2 மணி 30 நிமிடமும் 5 மணி 15 நிமிடமும் சேர்ந்து 7 மணி 45 நிமிடம். விடை தவறினால் அதட்ட வேண்டாம். கோட்டை மறுபடியும் போடுங்கள். பத்து நாளில் கை பழகிவிடும், இன்ஷா அல்லாஹ்.