விற்றால் போதுமா, வசூலாக வேண்டாமா?

தலைநகரத் தமிழர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்களாக வந்தவர்கள். செக்ரடேரியட், ரயில்வே, தணிக்கைத் துறை என்று ஏதோ ஓர் ஆபீசில் சேர்ந்து, மாதக் கடைசியில் சம்பளம் வாங்கி, பிறகு பென்ஷனும் வாங்குகிறோம். உழைத்த காசு சொன்ன நாளில் வராமல் போகும் என்பது நமக்குப் பழக்கமில்லாத சங்கதி. இப்போது நம் பிள்ளைகளில் சிலர் ஓக்லாவிலும் ஃபரீதாபாத்திலும் சிறு தொழிற்சாலை நடத்துகிறார்கள். லக்ஷ்மிபாய் நகரில் என்னோடு மாலையில் நடக்க வரும் நண்பர்கள், "பையனுக்கு ஆர்டர் நிறைய, கையில்தான் காசில்லை" என்று குறைப்படுகிறார்கள். அந்தக் காசு வேறெங்கும் போகவில்லை. வாடிக்கையாளரின் பாங்கிக் கணக்கில் பத்திரமாக இருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். மாதம் 10 லட்சத்துக்குச் சரக்கு அனுப்புகிறவருக்கு நூற்றுக்கு 8 லாபம் என்றால் 80,000 ரூபாய். 45 நாளில் வரவேண்டிய பணம் 120 நாளில் வந்தால், கூடுதலாக 25 லட்சம் வெளியே நிற்கும். அதை ஈடுகட்ட 12 சதவீத வட்டிக்கு பாங்கியில் வாங்கினால் மாதம் 25,000 போயிற்று. லாபத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! இதில் ஜி.எஸ்.டி. வேறு. வாடிக்கையாளர் பணம் தந்தாரோ இல்லையோ, பில் போட்டதற்கான வரியை அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். கடைசியில் 2 லட்சம் வராமலே போய்விட்டால், அந்த நஷ்டத்தை ஈடுகட்ட மட்டும் இன்னும் 25 லட்சத்துக்குச் சரக்கு விற்க வேண்டும். இதைச் சொன்னால் பையன்கள் நம்புவதில்லை. பென்சிலைக் கையில் கொடுத்தால் நம்புகிறார்கள்.

ரயில்வேயில் 'டு பே' சரக்கு என்று ஒன்று உண்டு. சேருமிடத்தில் ரயில்வே ரசீதைக் காட்டி, கட்டணத்தைக் கட்டினால்தான் டெலிவரி. கட்டணம் வரும்வரை சரக்கைப் பிடித்து வைக்க 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டம் உரிமை தருகிறது. சிறு தொழிலதிபருக்கு இந்த வசதி கிடையாது. சரக்கு கேட்டைத் தாண்டிவிட்டால் பிடி போயிற்று. பெரிய இடத்திலும் இதே கதைதான். மாநில மின்வாரியங்கள் மத்திய அரசு நிறுவனங்களுக்கு வைத்த பாக்கி 2001இல் சுமார் 41,000 கோடியை எட்டி, மாண்டேக் சிங் அலுவாலியா குழுவை உட்கார வைத்துப் பத்திரங்களாக மாற்ற வேண்டியிருந்தது. அவர்களுக்கு சர்க்கார் இருந்தது. ஓக்லா பையனுக்கு யார்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் வருஷத்துச் சிறுதொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் பாங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. இதற்கும் மேலாக, 2024 ஏப்ரல் முதல் வருமான வரியிலும் ஒரு கிடுக்கிப்பிடி போட்டார்கள்: குறு, சிறு தொழிலுக்குத் தரவேண்டியதை உரிய நாளில் தராதவர், அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருஷத்தில்தான் கழித்துக்கொள்ள முடியும். இதனால் ஆர்டர் கைமாறிவிடுமோ என்று சிறுதொழில்காரர்களே பயந்தார்கள். பயம் நியாயம்தான். தினம் முகம் பார்க்க வேண்டிய வாடிக்கையாளர் மீது யார் புகார் கொடுப்பார்கள்?

ஆகவே சட்டத்தைவிட நம் ஒழுங்கையே நான் அதிகம் நம்புகிறேன். ஃபரீதாபாத்தில் பிரஸ் பாகங்கள் செய்யும் என் மைத்துனர் மகனிடம், ஒரு பெரிய கம்பெனி மாதக் கணக்கில் "சரக்கு வரவு இன்னும் எங்கள் ஸ்டோர்ஸ் புத்தகத்தில் ஏறவில்லை" என்றே காலம் தள்ளியது. டெலிவரியாகி 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், டெலிவரி நாளே ஏற்றுக்கொண்ட நாள் என்று அதே சட்டம் சொல்கிறது. சலானில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கியிருந்தால் அந்தச் சாக்கு அன்றே செத்துவிடும். இந்தக் காகிதத்துக்குச் சோம்பல்படுகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று, நம்மவர்களுக்கே உரிய கூச்சம். பாக்கியைக் கேட்பது கௌரவக் குறைச்சல் என்று வளர்ந்துவிட்டோம். பஞ்சாபி வியாபாரி டீ வரவழைத்து, சிரித்துக்கொண்டே, மூன்றாவது வாக்கியத்தில் செக்கைக் கேட்டுவிடுவார். கெடு தேதிக்கு ஒரு வாரம் முன்பே போன் செய்தால் அது ஞாபகப்படுத்துவது. இரண்டு மாதம் கழித்துச் செய்தால் சண்டை.

பெரிய வாடிக்கையாளர் பில்லை ஏற்றுக்கொண்டுவிட்டால், 2017 முதல் இயங்கும் ட்ரெட்ஸ் என்ற மின்னணு ஏற்பாட்டில் பாங்கிகளிடம் அதை முன்கூட்டியே காசாக்கலாம். வாடிக்கையாளர் பிறகு தவறினாலும் நம் தலையில் விழாது. வட்டி கொஞ்சம் போகும், தூக்கம் வரும்.

மைத்துனர் மகன் இப்போது ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு கடன் வரம்பு வைத்திருக்கிறான். அதைத் தாண்டினால், பழைய பாக்கி வராமல் அடுத்த லாரி கிளம்பாது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் நான்கு மாதத்தில் திரும்பி வந்து, பாதிப் பணத்தை முன்பணமாகவே கட்டினார்.