கீச்சிடும் ஏசிக்கு மோட்டர் மாற்றத்தான் வேண்டுமா?



நம்ம பக்கத்தில் ஓடும் கார்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை வீட்டு வாசல்களில் நிற்பவற்றில் நிறைய பழைய கொரோலா, சனி, மாருதி தான். காரணம் எல்லோருக்கும் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனிப்பட்ட வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022இல் 200 ரூபாயாக இருந்த டொலர் 360 வரை போனது. இறக்குமதி திறந்த பிறகும் வரியோடு வரும் விலை சம்பளக்காரன் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே கையில் இருக்கும் வண்டியைக் காப்பாற்றித்தான் ஓட்ட வேண்டும்.

இந்தப் பழைய வண்டிகளில் அடிக்கடி வரும் முறைப்பாடு ஒன்று: ஏசியைப் போட்டால் டேஷ்போர்டுக்குள்ளிருந்து கீச் கீச் என்று சத்தம். கராஜுக்குப் போனால் பல இடத்தில் ஒரே பதில்தான். "புளோவர் மோட்டர் போயிட்டு காக்கா, மாத்தணும்." கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த மோட்டர் ஒன்று பஸ்ஸில் வரும். மாற்றுவார்கள். சில மாதத்தில் அதுவும் கத்தத் தொடங்கும்.

என் கருத்து இதுதான்: சத்தம் வந்தவுடன் மோட்டரை மாற்றுவது வைத்தியம் அல்ல. முதலில் எது கத்துகிறது என்று பார்க்க வேண்டும். அதைப் பார்ப்பதற்கு யாரும் தயாரில்லாததற்கு பாஸ்மார் மட்டும் காரணமில்லை, நாமும்தான் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பார்க்கும் முறை.

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை ஓன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். ஏசி பட்டன் ஓஃப். காற்றை மட்டும் 1, 2, 3, 4 என்று கூட்டுங்கள். சத்தம் வந்து, காற்றின் வேகத்தோடு அதுவும் மாறினால் பிரச்சினை புளோவரில். வரவில்லை என்றால் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஏசி பட்டனை அழுத்திப் பாருங்கள். அப்போது மட்டும் வந்து, எக்ஸலேட்டரை அழுத்தும்போது கூடினால் அது பெல்ட், புலி, கொம்ப்ரஸர் பக்கம். இதற்கு புளோவர் மோட்டரை மாற்றினால் காசுதான் போகும், சத்தம் போகாது.

புளோவர்தான் என்று தெரிந்தால், அடுத்தது சத்தத்தின் வகை. டக் டக், சர சர என்றால் பெரும்பாலும் உள்ளே இலையோ குப்பையோ சிக்கியிருக்கிறது. வெளிக்காற்றுக்கும் உட்காற்றுக்கும் மாற்றும் நெம்பைத் தள்ளும்போது சத்தம் மாறினாலும் அந்தப் பக்கம் குப்பை இருக்கலாம். வேகம் கூடும்போது டேஷ்போர்டே அதிர்ந்தால் காற்றாடிச் சில்லில் ஒரு பக்கம் அழுக்குப் பிடித்து நிறை மாறியிருக்கிறது, அல்லது ஒரு இதழ் உடைந்திருக்கிறது. குறைந்த வேகத்தில் கீச் என்று, வளைவில் திரும்பும்போது கூடிக் குறைந்தால் மோட்டரின் புஷ் காய்ந்துவிட்டது.

புஷ் என்றால் என்ன? மோட்டரின் தண்டு சுழலும் இரண்டு முனையிலும் இருக்கும் சிறிய வெண்கல வளையம். வெண்கலத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்வதால் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். மண்பானை தண்ணீரை உறிஞ்சி வைப்பது போல இந்தத் துளைகளில் ஒயில் இருக்கும். வருடக்கணக்கில் அது வற்றி, தூசி போய் அடைந்தால் உலோகம் உலோகத்தில் உரசும். அதுதான் அந்தக் கீச்.

நம்ம ஊரில் இது ஏன் அதிகம் என்றும் யோசியுங்கள். கடற்கரை மணல், உப்புக் காற்று, அறுவடை நாளில் வயல் பக்கமிருந்து வரும் பதரும் தூசியும். வெயிலுக்குப் பயந்து வேம்புக்குக் கீழே நிறுத்துகிறோம். முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள வலை வழியாக இலை உள்ளே போகிறது. கெபின் ஃபில்டர் இருக்கும் வண்டியில் அதை மாற்றுவதில்லை. பல பழைய வண்டிகளில் அந்த ஃபில்டரே இல்லை.

வலது பக்க ஸ்டியரிங் உள்ள பெரும்பாலான ஜப்பான் கார்களில் புளோவர் இடது பக்கம், கிளவ் பொக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. பட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிட்டு, கிளவ் பொக்ஸை எடுத்தால் பல மொடல்களில் மூன்று ஸ்குரூவும் ஒரு வயர் இணைப்பும்தான். எயார்பேக் உள்ள வண்டியில் மஞ்சள் நிற இணைப்புகளில் கை வைக்கவே வேண்டாம். மோட்டர் கைக்கு வந்ததும் இலையை எடுத்து, காற்றாடியை மென்மையான பிரஷால் சுத்தம் செய்து, தண்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆட்டம் இல்லை என்றால், புஷ்ஷுக்கு எட்டும் இடத்தில் தையல் மெஷினுக்கு விடும் ஒயில் போல மெல்லியது ஓரிரு துளி போதும். அதிகம் விட்டால் உள்ளே கார்பன் பிரஷ்ஷில் பட்டு வேறு பிரச்சினை வரும். துரு நீக்கும் ஸ்பிரேயை அடிக்காதீர்கள். உடனே சத்தம் நிற்கும், ஆனால் அது மிச்சமிருக்கும் ஒயிலையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

எல்லாவற்றையும் இப்படிச் சரிசெய்யலாம் என்று நான் சொல்லவில்லை. தண்டு ஆடினால், கார்பன் பிரஷ் தேய்ந்து முடிந்திருந்தால், கருகிய மணம் வந்தால் மாற்றத்தான் வேண்டும். கட்டிச் சுழலும் மோட்டர் அதிக மின்னோட்டம் இழுக்கும். அந்தச் சூட்டில் வயர் இணைப்பு உருகலாம், வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரும் எரியலாம். ஆகவே ரேடியோவைக் கூட்டி வைத்து சத்தத்தை மறைப்பதும் பிழை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பாஸ் ஒரு மணித்தியாலம் குனிந்து கிடந்து ஒரு வேப்பிலையை எடுத்துத் தந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "ஒரு இலைய எடுத்ததுக்கா இவ்வளவு?" அதே ஆள் பாவித்த மோட்டர் ஒன்றைப் போட்டு பெரிய தொகை சொன்னால் பேசாமல் எண்ணிக் கொடுக்கிறோம். சாமானுக்குக் காசு கொடுக்கிறோம், அறிவுக்குக் கொடுப்பதில்லை. அப்படியிருக்க சாமான் மாற்றுகிறவர்தான் பிழைப்பார், கண்டுபிடிக்கிறவர் நட்டப்படுவார். இந்தப் பழக்கத்தை உருவாக்கியது வாடிக்கையாளர்களான நாம்.

மறு பக்கமும் உண்டு. விற்கும் பொருளில் உள்ள குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது நமது மார்க்கம் வியாபாரத்துக்கு வைத்த அடிப்படை. பழுதாகாததைப் பழுது என்று சொல்வதும் அதே கணக்கில்தான் வரும். "போயிட்டு" என்ற ஒரு சொல்லை நம்பி ஒரு குடும்பம் அந்த மாதச் செலவைக் குறைக்கிறது. அது சின்ன விஷயம் இல்லை.

ஆகவே நம்ம ஊர் பாஸ்மாரிடமும் வாகனம் வைத்திருப்போரிடமும் மூன்று விஷயங்களைக் கேட்கிறேன். ஒன்று, பார்த்துச் சொல்வதற்கென்று ஒரு கூலியை வெளிப்படையாக வைக்க வேண்டும். பழுது என்னவாக இருந்தாலும், இலையாக இருந்தாலும், அதை நாம் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். இரண்டு, மாற்றினால் கழற்றிய பழைய சாமானை உரிமையாளர் கையில் கொடுத்து, எங்கே தேய்ந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். மூன்று, மாற்றும் முன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

பிள்ளைகள் விஷயமும் இதில் இருக்கிறது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்தது. ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடமும் தொழில்நுட்பவியல் பீடமும் உண்டு. ஆனாலும் கராஜ் வேலை என்றால் படிக்காதவன் வேலை என்ற எண்ணம் நம் வீடுகளில் போகவில்லை. ஏசியை ஓஃப் பண்ணிப் பார், பிறகு ஓன் பண்ணிப் பார், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று மேலே எழுதியது எல்லாம் வகுப்பில் விஞ்ஞானப் பரிசோதனைக்குச் சொல்லிக் கொடுக்கும் அதே முறைதான். அதைச் சரியாகச் செய்கிற பாஸ் ஒரு படித்த மனிதர். அவரை அப்படி நடத்தினால், அந்த வேலைக்கு நல்ல மூளையுள்ள பிள்ளைகளும் வருவார்கள்.

அப்படி நேர்மையாகப் பார்த்துச் சொல்லும் பாஸ்மாரை உங்களுக்குத் தெரிந்தால், அவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டு கீழே கராஜின் பெயரைப் போடுங்கள். நாலு பேருக்குப் பிரயோசனமாக இருக்கும்.