கீசருக்கு அடியில் துருவா? பூசி மறைக்காதீர்கள்!

போர் தண்ணீரை நம்பி இருக்கும் சென்னை வீடுகள் பலவற்றில் இதே கதைதான். கீசருக்கு அடியில், பைப் சேரும் இடத்தில் பச்சையும் பழுப்புமாகக் கறை. அப்புறம் சொட்டு... சொட்டு... சொட்டு!

"வீடு உங்களோடது. நீங்கதான் சரி பண்ணணும்" என்கிறார் குடியிருப்பவர். "குளிக்கிறது நீங்கதானே சார்!" என்கிறார் வீட்டுக்காரர். நடுவில் பிளம்பர் வருகிறார். கொஞ்சம் எம்-சீலை அப்புகிறார். கூலியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறார். கொஞ்ச நாள் போனதும் மறுபடியும் சொட்டு!

கோளாறு எங்கே?

இரும்பு பைப்பையும் பித்தளையையும் நேராக முடுக்கினால் வம்புதான். இரண்டும் வேறு வேறு உலோகம். நடுவே உப்புத் தண்ணீர். குட்டி பேட்டரி போல மின்சாரம் ஓடி இரும்பை அரித்துத் தின்றுவிடும். சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்!

1824-லேயே இங்கிலாந்து விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி இதற்கு வழி சொன்னார். கப்பலின் செம்புத் தகட்டைக் காக்க, துத்தநாகத்தையோ இரும்பையோ பலி கொடுக்கலாம் என்றார். பல கீசர்களுக்கு உள்ளே இருக்கும் மக்னீசியம் கம்பியும் அப்படித்தான். தான் கரைந்து டேங்கைக் காப்பாற்றும். அது தீர்ந்துபோனால் அடுத்த பலி டேங்க்தான்! வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பார்க்க வேண்டாமா? விற்கும்போதே கடைக்காரர் இதைச் சொன்னால் என்ன?

உயிரோடு விளையாட்டா?

கசியும் தண்ணீர் மின் இணைப்பில் பட்டால் ஷாக் அடிக்கும். எர்த் சரியில்லை என்றால் ஆளே காலி! சேப்டி வால்வு சொட்டுகிறது என்று அதை அடைப்பது அதைவிட ஆபத்து. அழுத்தம் ஏறி டேங்கே வெடிக்கலாம்.

மெயினை அணைத்து, தண்ணீரையும் மூட வேண்டும். அரித்த நிப்பிளைக் கழற்றி எறிய வேண்டும். இரண்டு உலோகமும் தொடாதபடி நடுவில் பிளாஸ்டிக் உள்ள இணைப்பைப் போட வேண்டும். வெறும் டெப்லான் டேப் கசிவைத்தான் நிறுத்தும், அரிப்பை நிறுத்தாது.

கறை தெரிந்த அன்றே சொல்ல வேண்டியது குடியிருப்பவர் கடமை. பணம் போட்டு மாற்ற வேண்டியது வீட்டுக்காரர் கடமை. ஒரு நிப்பிள் காசை மிச்சம் பிடிக்க ஓர் உயிரைப் பணயம் வைப்பதா?