கோழிக்குப் பக்கத்தில்

கொல்லிமலைக்குப் போனபோது அங்கே ஒரு கடையில் கம்பியில் கோத்துச் சுற்றவிட்டுச் சுட்ட கோழியை ருசித்துச் சாப்பிட்டேன் என்று ஒரு நண்பரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மனிதர் என்னை ஏறக்குறைய ஜாதிப் பிரஷ்டம் செய்துவிட்டார்.

"வல்வில் ஓரி ஆண்ட மலை ஐயா அது! அங்கே போயும் எவனோ அயல்நாட்டான் கண்டுபிடித்த கோழியையா தின்றுவிட்டு வருவது? நீரெல்லாம் தமிழில் நாவல் எழுதி என்ன பிரயோஜனம்?" என்றார்.

அப்போது நான் பதில் சொல்லவில்லை. அவர் வீட்டில் இருந்தேன்; காப்பி இன்னும் வந்திருக்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் ஒரு வாக்குமூலம். கோழி நன்றாகவே இருந்தது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போட்டுப் பலகை நட்டிருக்கிறார்கள். நாற்பதைத் தாண்டும்போது அந்த எண்களின்மேல் ஒரு தனிப்பட்ட விரோதமே உண்டாகிவிடுகிறது. ஏறும்போது புரட்டிய அதே வயிறு, மேலே போய்க் குளிர்காற்று பட்டதும் வெட்கமில்லாமல் சோறு கேட்டது. செம்மேட்டில் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கடை. வாசலில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே நாலு கம்பிகளில் வரிசை வரிசையாகக் கோழிகள் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மேல் கம்பிக் கோழியின் கொழுப்பு கீழ்க் கம்பிக் கோழியின்மேல் சொட்டுகிறது. அது தன் பங்குக்கு அதற்கும் கீழே உள்ளதை நனைக்கிறது. இந்தக் கைங்கரியத்தினால்தான் தோல் மொறமொறவென்று சிவந்தும், உள்ளே சதை வறளாமலும் இருக்கிறது. அரைக் கோழி வாங்கினேன். கையால் பிய்த்தேன். ஆவி பறந்தது. அடுத்த பத்து நிமிஷத்துக்கு எனக்கு இலக்கியத்தைப் பற்றி எந்தச் சிந்தனையும் இல்லை.

ஆகவே, அந்தக் கோழிக்கு விரோதமாக ஒரு வார்த்தையும் நான் எழுதுவதாக இல்லை. என் வழக்கு, அதற்குப் பக்கத்தில் வைத்தார்களே, அதைப் பற்றியது.

என்ன வைத்தார்கள்? புட்டியிலிருந்து பிதுக்கிய வெள்ளைக் களிம்பு; மயோனைஸ் என்று பெயர். மைதா ரொட்டி இரண்டு. முட்டைக்கோஸைச் சீவி ஒரு பிடி. வேறு என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, பரிமாறிய பையன் மூச்சு விடாமல், "பரோட்டா, குஸ்கா, சிக்கன் ரைஸ், எக் நூடுல்ஸ், கோபி சில்லிங்க" என்றான். நாமக்கல் பஸ் நிலையத்தில் நின்றாலும் இதே பட்டியல். தாம்பரத்தில் நின்றாலும் இதே. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் நான் எழுபது வளைவு ஏறி வந்திருக்கிறேன் என்பதற்கு அந்தத் தட்டில் ஒரு சாட்சியும் இல்லை.

"சாமைச் சோறு கிடைக்குமா, தம்பி?" என்றேன்.

பையன் சிரித்துவிட்டான். "அது எங்க ஊட்டுல நாங்க திங்கறதுங்க சார். உங்களுக்கு ஒத்துக்காதுங்க."

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று தூரம் வேறு பக்கம் போய்விட்டுத் திரும்பி வருகிறேன்.

சுற்றுக்கோழியை நான் முதன்முதலில் சாப்பிட்டது அமெரிக்காவில். வாஷிங்டனை ஒட்டிய விர்ஜீனியாவில் என் மகள் குடியிருக்கிறாள். அந்தப் பக்கமெல்லாம் பெரு தேசத்துக் கோழிக்கடைகள் ஏராளம். மேஜை விரிப்பும் கிடையாது, பணிவாகக் குனிகிற பட்லரும் கிடையாது. வரிசையில் நின்று தட்டை வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கோழி வந்தது. பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல், கண்ணில் நீர் வரவழைக்கும் பச்சை நிறத் துவையல் ஒன்று, அப்புறம் விரல் பருமனில் பொன்னிறமாக ஏதோ ஒன்று. கடித்தேன். மரவள்ளிக்கிழங்கு! நம் சேலம், நாமக்கல் பக்கத்துக் குச்சிக்கிழங்கு! எட்டாயிரம் மைலுக்கு அப்பால் ஊர்க்காரனைப் பார்த்ததுபோல் எனக்கு ஒரே குதூகலம். "அப்பா, அது அவங்க ஊர்க் கிழங்குப்பா, நமக்குத்தான் அங்கேயிருந்து வந்தது" என்று மகள் என் தேசபக்தியில் தண்ணீர் ஊற்றினாள்.

அவள் சொன்னது வாஸ்தவம். மரவள்ளி தென் அமெரிக்காவில் பிறந்தது. மிளகாயும், தக்காளியும், அன்னாசியும் அந்தக் கண்டத்துப் பிரஜைகளே. உருளைக்கிழங்கு பெருவின் ஆண்டீஸ் மலையிலிருந்து இறங்கி வந்தது. பதிலுக்கு நம்மிடமிருந்து என்ன போயிற்று என்றால், கோழி போயிற்று! ஆசியாக் கண்டத்துக் காட்டுக்கோழியின் வம்சம்தானே உலகத்துக் கோழி அத்தனையும். ஆக, அயல்நாட்டுக் கோழி என்று என்மேல் பாய்ந்தாரே நண்பர், அவர் தினமும் பிசைந்து சாப்பிடும் மிளகாய்க் காரக் குழம்புதான் அயல்நாடு. கோழி நம் பந்து.

சரி, பெருவின் கோழிக் கதைக்கு வருவோம். அது பழைய கதைகூட இல்லை. 1950-ஐ ஒட்டி, லிமா நகருக்கு வெளியே சாந்தா கிளாரா என்ற இடத்தில் ரோஜர் ஷூலர் என்ற சுவிஸ்காரர் கோழிப்பண்ணை வைத்திருந்தார். அங்கேயே உணவுக்கடை திறந்து, கரியில் கோழி சுட்டு விற்றார். ஆரம்பத்தில் உப்பைத் தவிர மசாலா என்று ஒன்றுமில்லை. நிறையக் கோழிகளை ஒரே சமயத்தில் சுற்றிச் சுட வேண்டியிருந்தது. அதற்கான இயந்திரத்தை ஃபிரான்ஸ் உல்ரிச் என்ற இன்னொரு சுவிஸ்காரர் செய்து கொடுத்தார். ஆக, சமைத்தவரும் அந்நியர், இயந்திரம் செய்தவரும் அந்நியர். பெருக்காரர்கள் என்ன செய்தார்கள்? 'இது நம் பண்பாட்டுக்கு அடுக்குமா' என்று பட்டிமன்றம் வைத்தார்களா? கோழியை வாங்கிக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் தங்கள் ஊரை வைத்தார்கள். தங்கள் மஞ்சள் மிளகாயை அரைத்து வைத்தார்கள். வக்காத்தாய் என்று ஒரு தழை; நம் துலுக்கச் செவ்வந்தியின் இனம்; அதைத் துவையலாக்கினார்கள். தங்கள் மலையின் உருளைக்கிழங்கை வறுத்தார்கள். அல்கர்ரோபோ என்னும் மரத்தின் கரியை மூட்டினார்கள். அது வேறு யாருமில்லை, நம் ராமநாதபுரத்துச் சீமைக் கருவேலத்தின் ஒன்றுவிட்ட சகோதரன். 2004-இல் அந்தத் தேசத்து அரசாங்கம் அந்தக் கோழியைத் தேசத்தின் பண்பாட்டுச் சொத்து என்று பிரகடனம் செய்துவிட்டது. 2010 முதல் ஜூலை மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அதற்கென்றே ஒரு திருநாள். கோழி பாதி, கோழியின் பக்கத்தில் இருந்தது பாதி. இரண்டும் சேர்ந்துதான் அது பெருவாயிற்று.

இப்போது செம்மேட்டுக்குத் திரும்புவோம்.

கொல்லிமலையிடம் பக்கத்தில் வைக்க ஒன்றும் இல்லையா? மிளகு அங்கே கொடி கொடியாகக் காய்க்கிறது; அந்தக் கோழியில் இருந்ததோ பாக்கெட் மசாலா. அன்னாசியும் பலாவும் மலைவாழையும் சோளக்காட்டுச் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. கடையில் ஒரு துண்டு இல்லை. சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு எல்லாம் விளைந்த பூமி அது. சாமையில் மட்டுமே வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று குலம் கோத்திரத்தோடு வகைகள் உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து அங்கே இருந்து இந்த விதைகளைக் காப்பாற்றப் பாடுபட்டு வந்திருக்கிறார்கள். ஏன் காப்பாற்ற வேண்டி வந்தது? சாமை விதைத்த நிலத்தில் பெரும் பகுதிக்கு மரவள்ளி வந்துவிட்டது. மரவள்ளியைத் தின்பதற்காக நடவில்லை. கீழே உள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரியில் ஏற்றுவதற்காக நட்டார்கள். கையில் ரொக்கம் கிடைத்தது. சாப்பாட்டுக்கு ரேஷன் அரிசி கிடைத்தது. அப்புறம் சாமையை யார் தேடுவார்கள்?

இதற்காக மலையாளி ஜனங்களைக் கோபித்துக்கொள்வதற்கு நமக்கு யோக்கியதை கிடையாது. அந்தச் சிரித்த பையனின் பாட்டி கடையின் பின்புறம் உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து போய்க் கேட்டேன். முதலில் கூச்சப்பட்டாள். பிறகு ஒரு தூக்குச் சட்டியைத் திறந்தாள். சாமைச் சோறு. மேலே மொச்சைக் குழம்பு. ஒரு கரண்டி என் தட்டில், அந்தக் கோழித் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். உதிரி உதிரியாக, லேசான மண் வாசனையோடு, கோழிக் கொழுப்பை அப்படியே இழுத்துக்கொண்டது அந்தச் சோறு. மயோனைஸை நான் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினேன்.

"முந்தியெல்லாம் தினமும் இதானுங்களா, பாட்டி?"

"இதானுங்க சாமி. விடியக்காலம் எந்திரிச்சு இடிக்கோணும். கை தோலு உரிஞ்சு போயிரும். இப்ப எவ இடிப்பா?"

நம் நண்பர்போலப் பண்பாடு பேசுகிறவர்கள் இந்த உலக்கையைப் பற்றிப் பேசுவதே இல்லை. சாமையின் உமி லேசில் விடாது. நமக்குப் பாரம்பரியமாகத் தெரிந்தது அவளுக்கு உள்ளங்கைப் புண்ணாக இருந்தது. உமி நீக்க மலையிலேயே சிறிய இயந்திரங்கள் வந்து, பெண்கள் குழுக்கள் அவற்றை நடத்தத் தொடங்கிய பிறகு அந்தப் பாடு குறைந்தது. அப்படிக் குத்திய தானியம் எங்கே போகிறது? பாக்கெட்டில் அடைபட்டு, எழுபது வளைவும் இறங்கி, பட்டணத்துக்கு வருகிறது. பட்டணத்தில் அதை யார் வாங்குகிறார்? சாக்ஷாத் நம் நண்பர்தான் வாங்குகிறார்! டாக்டர் சர்க்கரை வியாதி என்று சொன்ன நாளிலிருந்து ராத்திரி சாமைக் கஞ்சி. முகத்தைச் சுளித்துக்கொண்டு, கஷாயம் குடிப்பதுபோல் குடிக்கிறார். நம் தேசம் பிரேரணை செய்து, ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தபோது அவர் எவ்வளவு பெருமைப்பட்டார் என்கிறீர்கள்! ஆனால் அவர் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பாஸ்மதி.

மலையிலும் இதே கதைதான். ஆகாய கங்கை அருவிக்குப் படி இறங்கும் வழியில் முடவாட்டுக்கால் கிழங்கு ஸூப் விற்கிறார்கள். ஆட்டுக்கால்போல் ரோமம் மூடிய கிழங்கு. மிளகும் சீரகமும் போட்ட அந்த ஸூப் குளிருக்கு வெகு இதம். ஆனால் அதைக் குடிக்கிறவர்கள் ஒருவராவது 'ருசியாக இருக்கிறது' என்று சொல்லிக் கேட்டேனில்லை. 'முழங்காலுக்கு நல்லதாம்' என்கிறார்கள். மலையின் பதார்த்தம் ஒன்று நம் வாய்க்குள் போகவேண்டுமானால் ஏதாவது ஒரு வியாதியின் சிபாரிசுக் கடிதம் வேண்டியிருக்கிறது. பரோட்டாவிடம் நாம் இப்படிச் சான்றிதழ் கேட்டோமா?

நண்பர் ஓரியை இழுத்ததால் நானும் இழுக்கிறேன். புறநானூற்றில் வன்பரணர் பாடிய 152-ஆம் பாட்டைப் புரட்டிப் பாருங்கள். பசித்து வந்த பாணர் கூட்டத்துக்கு ஓரி காட்டிலேயே விருந்து வைக்கிறான். தான் வேட்டையாடிய மானின் கொழுத்த இறைச்சியைக் கொடுக்கிறான்; உருக்கிய நெய்போன்ற தெளிவான மதுவைக் கொடுக்கிறான்; அப்புறம் தன் மலையில் பிறந்த பொன்னைக் கொடுக்கிறான். 'இது நாங்கள் தின்பது, உங்களுக்கு ஒத்துக்காது' என்று அவன் சொல்லவில்லை. அவன் மலையின் பேரன் ஒருவன் இன்று அப்படிச் சொல்கிறான் என்றால், அந்த வார்த்தையை அவன் வாயில் வைத்தது யார்?

நாம்தான். சனி ஞாயிறுகளில் காரில் ஏறிப் போகிற நாம். ஆடிப் பதினெட்டுக்கு ஓரி விழாப் பார்க்கப் போகிற நாம். கடை வாசலில் காரை நிறுத்தியதும் 'பரோட்டா சூடா இருக்கா?' என்று கேட்கிற நாம். கடைக்காரர் விற்பதை நாம் வாங்குகிறோம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவரைக் கேட்டால், நாம் கேட்பதை அவர் விற்கிறார் என்பார். கணக்கு அவர் பக்கம்தான் சரியாக இருக்கும். மலைக்காரன் தன் சோற்றைத் தானே கேவலமாக நினைக்கும்படி நாம் ஆயிரம் தடவை, ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லாமல், தட்டைத் தள்ளி வைத்துச் சொல்லியிருக்கிறோம். பிறகு வீட்டுக்கு வந்து மலையின் விதைகள் அழிகின்றனவே என்று கவலைப்படுகிறோம். யாரும் விலை கொடுத்துத் தின்னாத தானியத்தை ஆராய்ச்சி நிறுவனம் எத்தனை காலம் ஜாடியில் வைத்துக் காப்பாற்றும்?

சுற்றுக்கோழியை மலையைவிட்டு விரட்டு என்று கூச்சல் போடுகிற வைதீகர்களோடு நான் சேர மாட்டேன். அது பாட்டுக்குச் சுற்றட்டும். மலை மிளகை இடித்துத் தடவிச் சுற்றட்டும். பக்கத்தில் ஒரு கிண்ணம் சாமைச் சோறு, வறுத்த குச்சிக்கிழங்கு நாலு, அன்னாசித் துண்டு ஒன்று. ஷூலர் துரைக்கும் ஆட்சேபம் இருக்காது, ஓரிக்கும் இருக்காது.

புறப்படும்போது பாட்டியிடம் சாமைச் சோற்றுக்குக் காசு நீட்டினேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "கோழிக்குக் குடுத்தீங்கல்ல, போதுமுங்க. கஞ்சிச் சோத்துக்கு ஆராச்சும் காசு வாங்குவாங்களா?"

பெருவில் குச்சிக்கிழங்கை வறுத்துக் கோழிக்குப் பக்கத்தில் வைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள் என்று சொன்னேன். அவள் பேரனைப் பார்த்தாள். பேரன் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தான்.

"நெசமாவாங்க சார்?"

"நிஜம்தான். அடுத்த மாதம் நாலு பேரோடு வருகிறேன். அஞ்சு பேருக்குச் சாமைச் சோறு வை. என்ன விலை போடுவாய்?"

அவன் சுவரில் இருந்த விலைப் பலகையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தான். எக் நூடுல்ஸுக்கு எதிரே இருந்த எண்ணில் அவன் பார்வை சற்று நின்றது.

"அவ்வளவு கேட்டா குடுப்பீங்களா?" என்றான்.

அந்த நாலு பேரில் ஒருவராக நண்பரின் பெயரைச் சேர்த்திருக்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.