தொட்டிலில் நடந்த குற்றம்

‘தி அஃபிஷியல் ஸ்டோரி’ (1985) திரைப்படம் அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியை ஒரு குடும்பத்தின் அழுகைக்குள் சுருக்கிவிட்டதாம், ஒரு விமர்சகர் சொல்கிறார். டாங்கியும் சித்திரவதைக் கூடமும் காட்டினால்தான் அரசியலா? 1976 முதல் 1983 வரை நடந்த அந்த ஆட்சி, கர்ப்பிணிகளைக் கடத்தியது. பிள்ளை பிறந்ததும் தாயைக் கொன்றது. குழந்தையைத் தனக்கு வேண்டியவர்களிடம் கொடுத்தது. இப்படிப் பறிபோன குழந்தைகள் சுமார் 500 பேர் என்பது, பேரப்பிள்ளைகளைத் தேடும் பிளாசா தே மாயோ பாட்டிமார் அமைப்பின் கணக்கு. கேமரா வீட்டுக்குள் போகாமல் வேறெங்கே போகும்? படத்தின் நாயகி அலிசியா வரலாற்று ஆசிரியை. வளர்ப்பு மகள் எங்கிருந்து வந்தாள் என்று மட்டும் வருடக்கணக்காகக் கேட்காதவள். படம் அவளுக்காக அழவில்லை, அவளை விசாரிக்கிறது. கேட்கத் தொடங்கியதும் அவள் விரல்களைக் கதவிடுக்கில் நசுக்குகிறான் கணவன். சித்திரவதைக் கூடம் அதுதான், விமர்சகரே. இன்னொரு முறை பாருங்கள்.