அடுக்குகளைத் திறந்து காட்டுங்கள்

ஜனவரி மாதத்தில் மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் நடைபெறும் கோலப் போட்டியை நம்மில் பலர் கண்டிருப்போம். அங்கே கூட்டம் எதற்காக நிற்கிறது? முடிந்த கோலத்தைக் காண மட்டுமா? இல்லை. புள்ளி வைப்பதையும், விரல் வளைந்து இழை இழுப்பதையும், தவறிய இழையைத் துடைத்து மறுபடி இடுவதையும் காணத்தான் நிற்கிறது. ஓரமாக நின்று பார்க்கும் சிறுமி மறுநாள் தன் வீட்டு வாசலில் மாவை எடுக்கிறாள். பள்ளிக்கூடமே இல்லாமல் ஒரு கலை இத்தனை தலைமுறை வாழ்ந்திருக்கிறதென்றால், அது எல்லார் கண்முன்னும் வரையப்படுவதே காரணம்.

நம் ஊர்ப் படக்கதைக் கலைக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை. வரலாற்றுத் துறை மாணவனாகிய எனக்கு இது பெருங்குறையாகவே படுகிறது. 'அம்புலிமாமா'வில் 1952-ல் சேர்ந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வரைந்தவர் ஓவியர் சங்கர். வேதாளத்தைத் தோளில் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தன் என்றால், அவர் தீட்டிய உருவம்தானே நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவில் வருகிறது? 1963-ல் 'ஆனந்த விகட'னில் சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்' தொடராக வந்தபோது எழுத்தோடு போட்டியிட்டுச் சிரிக்க வைத்தவை கோபுலுவின் கோடுகள். கோபுலு 2015-லும் சங்கர் 2020-லும் மறைந்தனர். படங்கள் நம்மிடம் இருக்கின்றன. ஆனால் முதல் பென்சில் கோடு எங்கே விழுந்தது, எதை அழித்தார்கள், ஏன் அழித்தார்கள் என்பதை அச்சான பக்கம் சொல்லாது.

இன்றைய நிலை வேறு. கணிப்பொறியோடு இணைந்த பலகையில் மின்பேனாவால் வரைந்து, படக்கதைகளை இணையத்திலேயே வெளியிடுகிறார்கள். அவ்வாறு சிறு கதைகள் வரைந்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கருவி தந்த பெரிய வரம் வேகமன்று, அடுக்குகள்தாம். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுபோல, அடியில் கிறுக்கலான முதல் வரைவு, அதன்மேல் வண்ணம், பின் நிழல், அதற்கும் மேலே மைக்கோடு, உச்சியில் பேச்சுக் குமிழும் எழுத்தும். எதை வேண்டுமானாலும் மறைக்கலாம், திறக்கலாம். அன்று மைக்கடியில் மறைந்துபோன பென்சில் கோடு இன்று கோப்புக்குள் உயிரோடு இருக்கிறது! 'கிரிட்டா' என்னும் இலவச மென்பொருளோ, நாம் வரைய வரையப் பதிவுசெய்து அதை ஓடும் படமாகவே தந்துவிடுகிறது.

இதைக் காட்டுவதற்கு இடமும் பிறந்திருக்கிறது. 2011-ல் டில்லியில் தொடங்கிய காமிக் கான் என்னும் இரசிகர் திருவிழா, 2024 பிப்ரவரியில் முதன்முறையாகச் சென்னைக்கு, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு வந்தது. இத்தகைய விழாக்களில் ஓவியர்களுக்கென்றே மேசைகள் உண்டு. சுவரொட்டியும், ஒட்டுப்படமும், சட்டையில் குத்தும் வில்லையும் விற்பனையாகின்றன. ஆகட்டும், ஓவியனும் அரிசி வாங்க வேண்டுமே! ஆனால் அந்த மேசையின் ஒரு மூலையில் சிறு திரையை வைத்து, அடுக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து, தமிழில் விளக்கினால் என்ன?

தமிழில் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் பாடங்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அவை நம் தொல்லைகளை அறியா. ஆங்கிலப் பாத்திரம் 'ஸாரி' என்று சொல்லிவிட்டுப் போகும். அதுவே 'மன்னித்துக்கொள்ளுங்கள்' என்றால் குமிழ் பூதமாக ஊதிப் பேசுகிறவர் தலையையே மறைக்கிறது. கொரியாவிலிருந்து பரவிய வெப்டூன் முறையில் கதை கைப்பேசியில் மேலிருந்து கீழாக ஓடுகிறது. அந்தக் குறுகிய அகலத்தில் நீண்ட தமிழ்ச் சொல்லை எங்கே முறிப்பது? மேலும் சில வரைகலை மென்பொருள்களில் இந்திய எழுத்துகளுக்கான வசதியைத் தேடிப்பிடித்து இயக்கினாலன்றித் தமிழ் சரியாக வராது. கொம்பு தனக்குரிய இடத்தை விட்டு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'கெட்டவன்' என்று எழுதப்போனால் எழுத்தே கெட்டுவிடும்.

இது ஒரு நிமிட வேலை. சொல்லித்தர ஆளில்லாததால் என் நண்பர்கள் இருவர் ஆங்கிலத்துக்கே மாறிவிட்டனர். இப்போது அவர்கள் கதைகளில் ரங்கநாதன் தெருவில் புடவைக்குப் பேரம் பேசும் பாட்டியும், அடையாறு பேருந்தின் படிக்கட்டில் தொங்கும் மாணவனும் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். இதைவிடக் கொடுமை வேறென்ன வேண்டும்?

தொழில் இரகசியத்தைக் காட்டினால் போட்டி பெருகாதா என்று சிலர் வினவலாம். முறையைக் காட்டலாம், கையை யாரும் கொண்டுபோக முடியாது. மேலும், 2022 முதல் படம் ஆக்கித்தரும் இயந்திர மூளைகள் பொதுமக்கள் கைக்கே வந்துவிட்டன. நல்ல படம் எதைக் கண்டாலும், "நீ வரைந்ததா, அது வரைந்ததா?" என்ற கேள்வி எழுகிறது. வெறும் வாய்ச்சத்தியம் இனி எடுபடாது. அடியில் கிடக்கும் கோணல்மாணலான முதல் வரைவும், மூன்று முறை மாற்றிய கையும்தான் ஓவியனுக்குச் சாட்சி. கருவிக்கு ஆகும் செலவைப் பற்றி அஞ்சுவோரும் உளர். திரையில்லாத சாதாரணப் பலகையே தொடக்கத்துக்குப் போதும். கைப்பேசியில் விரலால் வரைபவர்களையும் நான் அறிவேன்.

இதற்கெல்லாம் பெரிய விழா வரும்வரை காத்திருக்க வேண்டுமா? நம் கல்லூரி நுண்கலை விழாவில் ஒரு பிற்பகலை ஒதுக்குமாறு பேராசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். சங்கர் பயின்ற அரசு ஓவியக் கல்லூரி எழும்பூரில்தான் இருக்கிறது. அங்கிருந்து மாணவர்கள் நால்வரை அழைத்தால் வரமாட்டார்களா? படவீழ்த்தி நம் அரங்கிலேயே உள்ளது. கணிப்பொறியையும் பலகையையும் நான் கொண்டுவருகிறேன்.